தானியங்கி அலாரம் டயலர்: வாங்குவது, பொருத்துவது, பரிசோதிப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைரன்தான் இருக்கிறதே, டயலர் எதற்கு?

சத்தம் எட்டும் தூரத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் சைரன் சேதி சொல்லும். பூட்டிய கட்டடத்தில் அது அலறினால் முதல் தடவை அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பார்கள். நாலாவது தடவை ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். சென்சாரோ அலாரம் பேனலோ (சென்சார்கள் எல்லாம் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டி) தூண்டியதும் டயலர் தன் நினைவில் உள்ள எண்களை வரிசையாக அழைக்கும். நீங்கள் ஏற்கெனவே பேசிப் பதிந்து வைத்த செய்தியை ஒலிக்கும். முதலாமவர் எடுக்காவிட்டால் இரண்டாமவர், அவரும் எடுக்காவிட்டால் மூன்றாமவர், பிறகு மீண்டும் முதலாமவர் என்று சுற்றிவரும்.

பெட்டிக்குள் பெரிய மர்மம் எதுவும் கிடையாது. லைனைப் பிடிக்க ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), எண்ணை டோனாக மாற்ற ஒரு சிப், குரலைச் சேமிக்க ஒரு மெமரி, மின்சாரம் போனால் தாங்க ஒரு பேட்டரி. சிக்கல் வருவதெல்லாம் பெட்டிக்கு வெளியே: வயரில், சிம்மில், நள்ளிரவில் போனை எடுக்க வேண்டிய ஆளிடம். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த மூன்றைப் பற்றித்தான்.

திருட்டுக்கு மட்டும்தான் பயன்படுமா?

இல்லை. ஒரு சுவிட்ச் திறந்தது அல்லது மூடியது என்று சொல்லக்கூடிய எதையும் டயலரோடு இணைக்கலாம். குளிர்பதன அறையின் வெப்பநிலை ஏறுவது, அடித்தளத்தில் தண்ணீர் தேங்குவது, மோட்டார் டிரிப் ஆவது, மின்சாரம் போவது, தனியாக இருக்கும் முதியவர் கழுத்தில் மாட்டியிருக்கும் பொத்தானை அமுக்குவது எல்லாமே அந்தக் கணக்கில் வரும். என்னைக் கேட்டால், டயலர் தன் விலைக்கு உண்மையாக உழைப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். திருடன் வந்தால் சைரனும் கத்தும். ஃப்ரீசர் நின்றால் எதுவும் கத்தாது.

லேண்ட்லைன் டயலர், சிம் டயலர், எதை வாங்குவது?

இன்றைய நிலையில் பெரும்பாலானோருக்கு சிம் டயலர். லேண்ட்லைனுக்கு ஒரு பெரிய பலம் இருந்தது: தொலைபேசி நிலையமே செம்புக் கம்பி வழியாக மின்சாரம் அனுப்பும், வீட்டில் கரண்ட் போனாலும் லைன் உயிரோடு இருக்கும். ஆனால் பல நாடுகளில் அந்தச் செம்புக் கம்பி வலையமைப்பையே மூடி வருகிறார்கள். பிரிட்டனில் பழைய அனலாக் தொலைபேசிச் சேவையை முழுவதும் நிறுத்த 2027 ஜனவரி வரை கெடு வைத்திருக்கிறார்கள். உங்கள் லைன் ஃபைபர் மோடத்தின் பின்பக்கத்திலிருந்து வருகிறது என்றால் அது பெயருக்குத்தான் லேண்ட்லைன். அதைப் பற்றித் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

சிம் டயலர் வாங்கும்போது அது எந்தத் தலைமுறை நெட்வொர்க்கில் பேசும் என்று கேட்காமல் வாங்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா 2016 டிசம்பரிலும் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி 2017 தொடக்கத்திலும் 2ஜியை மூடியபோது, அதையே நம்பியிருந்த அலாரம் பெட்டிகள் ஊமையாகிவிட்டன. ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் 3ஜியையும் மூடியது. அட்டைப்பெட்டியில் 4ஜி என்று அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். சில மாடல்கள் டேட்டாவை 4ஜியில் அனுப்பும், குரல் அழைப்புக்கு மட்டும் 2ஜிக்கு இறங்கும். 2ஜி இல்லாத இடத்தில் அதிலிருந்து அழைப்பு போகாது. ‘வோல்ட்டி (VoLTE, 4ஜியிலேயே குரலை அனுப்பும் முறை) வழியாகக் குரல் அழைப்பு போகுமா, என் நெட்வொர்க்கில் போகுமா’ என்பதுதான் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

பணம் ஒத்துக்கொண்டால் இரண்டும் உள்ள மாடல் நல்லது. முதலில் லைனில் முயலும், அது செத்திருந்தால் சிம்முக்கு மாறும்.

கண்காணிப்பு மையத்துக்குத் தகவல் அனுப்பும் டயலரும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. அங்கே மனிதக் குரலுக்கு இடமில்லை. பேனல் மையத்தின் எண்ணை அழைக்கும். எதிர்முனையிலுள்ள கருவி 1400 ஹெர்ட்ஸிலும் 2300 ஹெர்ட்ஸிலும் இரண்டு சின்ன டோன் கொடுத்து ‘சொல்’ என்று அழைக்கும். பேனல் 16 இலக்கங்களை மளமளவென்று டோனாக அனுப்பிவிட்டு, ‘வாங்கிக்கொண்டேன்’ என்ற டோன் திரும்பி வந்ததும் லைனை விட்டுவிடும். அடெம்கோ நிறுவனம் கொண்டுவந்த காண்டாக்ட் ஐடி என்ற முறை இது. 130 என்றால் திருட்டு, 110 என்றால் தீ, 301 என்றால் மின்சாரம் போயிற்று என்று ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு.

தவறுதலாக பேனலின் காண்டாக்ட் ஐடி பகுதியில் உங்கள் செல்பேசி எண்ணைப் பதிந்துவிட்டால், அலாரம் அடிக்கும்போது போனை எடுப்பீர்கள், காதில் மௌனம்தான் இருக்கும். ‘டயலர் அழைக்கிறது, குரல் வரவில்லை’ என்று புலம்புகிறவர்கள் முதலில் இந்த அமைப்பைப் பார்க்கவும்.

லேண்ட்லைனில் டயலரை எந்த இடத்தில் இணைக்க வேண்டும்?

எல்லாவற்றுக்கும் முன்னால். வெளியிலிருந்து வரும் லைன் முதலில் டயலருக்குள் போக வேண்டும். டயலரிலிருந்து வெளியேறித்தான் வீட்டிலுள்ள மற்ற போன்களுக்குப் போக வேண்டும். டயலரில் ‘லைன்’ என்றும் ‘போன்’ என்றும் இரண்டு துளைகள் இருப்பது இதற்காகத்தான். அலாரம் வந்ததும் உள்ளே இருக்கும் ரிலே மற்ற போன்களைத் துண்டித்து, லைனைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும்.

இப்படிச் செய்யாமல், சுவரில் காலியாக இருக்கும் ஏதோ ஒரு பிளக்கில் இணையாகச் செருகிவிடுபவர்கள் நிறைய. சாதாரண நாளில் அதுவும் வேலை செய்வதுபோலத்தான் தெரியும். உள்ளே நுழைந்தவன் ஹாலில் இருக்கும் போனின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தால் போதும், டயலருக்கு டயல் டோன் கிடைக்காது, கதை முடிந்தது.

சரியாக இணைத்திருக்கிறோமா என்று பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். டிசி வோல்ட்டில் வைத்து லைன் டெர்மினலைத் தொடுங்கள். எந்தப் போனும் எடுக்கப்படாதபோது ஏறக்குறைய 48 வோல்ட் காட்டும். ஒரு ரிசீவரை எடுத்தால் 6 முதல் 10 வோல்ட் வரை இறங்கிவிடும். இப்போது மீட்டரை டயலரின் ‘போன்’ பக்கத்துக்கு மாற்றி, டெஸ்ட் பொத்தானை அமுக்குங்கள். டயலர் லைனைப் பிடித்த அந்த நொடியில் இந்தப் பக்கம் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் வயர் தலைகீழாகவோ இணையாகவோ போயிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மணி அடிக்கும் நேரத்தில் லைனில் 75 முதல் 90 வோல்ட் வரை ஏசி வரும். உயிருக்கு ஆபத்து குறைவு. ஏணிமேல் நிற்கும்போது கையை உதறவைக்க அது போதும். வேலை முடியும்வரை லைனை வெளியே கழற்றி வையுங்கள்.

அதே லைனில் பிராட்பேண்டும் வருகிறது. பிரச்சினை ஆகுமா?

ஃபில்டர் இல்லாவிட்டால் ஆகும், இரண்டு பக்கமும். டயலர் லைனைப் பிடிக்கும்போது இன்டர்நெட் அறுந்துபோகும். பிராட்பேண்டின் இரைச்சல் டயலரின் காதிலும் விழும். லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஸ்ப்ளிட்டர் வைத்து, இன்டர்நெட்டை அங்கேயே பிரித்து மோடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். மீதியுள்ள தொலைபேசிக் கம்பி டயலருக்குப் போகட்டும். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி ஃபில்டர் செருகும் வழக்கம் டயலருக்குச் சரிப்படாது.

ஃபைபர் மோடத்தின் தொலைபேசித் துளையில் செருகலாமா?

செருகலாம், அழைப்பும் போகும். ஆனால் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு செருகுங்கள்.

கரண்ட் போனால் மோடம் நிற்கும், மோடம் நின்றால் லைன் இல்லை. டயலருக்குள் எவ்வளவு நல்ல பேட்டரி இருந்தாலும் பயனில்லை. ஆகவே மோடத்துக்கும், தனியாக ஃபைபர் பெட்டி இருந்தால் அதற்கும் யுபிஎஸ் கட்டாயம். இது முதலாவது.

இரண்டாவது, டோன் சிதைவது. நீங்கள் அமுக்கும் ஒவ்வொரு விசையும் இரண்டு அதிர்வெண்களின் கலவை. 5 என்பது 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்தது. குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 போன்ற கோடெக்குகள் மனிதப் பேச்சுக்காக உருவானவை, இப்படிப்பட்ட டோனை நசுக்கிவிடும். நீங்கள் 5 அமுக்கி ‘கேட்டுவிட்டேன்’ என்று சொல்வது டயலருக்குப் புரியாமல் போகும், அது உங்களையே திரும்பத் திரும்ப அழைக்கும். மோடம் அமைப்பில் ஜி.711 கோடெக்கைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது, மிகப் பழைய டயலர்கள். அவற்றில் சில டோனுக்குப் பதில் பல்ஸ் முறையில், நொடிக்கு 10 துடிப்பாக எண்ணைச் சுழற்றும். பல மோடங்களுக்கு அந்தப் பாஷை தெரியாது. டயலரில் டோன் முறை இருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் டயலரையே மாற்றுங்கள்.

என்ஓ, என்சி, லைன் முடிவில் ரெசிஸ்டர் என்கிறார்களே, அதெல்லாம் என்ன?

என்ஓ (நார்மலி ஓப்பன்) என்றால், சென்சார் அமைதியாக இருக்கும்போது திறந்த சுவிட்ச்; ஆபத்து வந்தால் மூடும். என்சி (நார்மலி குளோஸ்டு) நேர்மாறு, அமைதியில் மூடியிருக்கும், ஆபத்தில் திறக்கும். கதவு, ஜன்னல், அசைவுச் சென்சார்களுக்கு என்சிதான் ஏற்றது. யாராவது வயரை வெட்டினால் அதுவும் திறந்ததாகவே கணக்காகி அலாரம் வரும். என்ஓவில் வயரை வெட்டினால் டயலருக்கு ஒன்றும் தெரியாது, என்றென்றைக்கும் நிம்மதியாக இருக்கும்.

என்சியிலும் ஓட்டை உண்டு: இரண்டு வயரையும் உரித்து ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் கதவு திறந்தாலும் டயலருக்கு மூடியதாகவே தெரியும். அதைத் தடுக்கத்தான் முடிவு ரெசிஸ்டர், அதாவது வயரின் கடைசியில் வைக்கும் மின்தடை. 4.7 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம் (மதிப்பு மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருப்பதையே போடுங்கள்). டயலர் எப்போதும் அந்த 4.7 கிலோவை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். வயர் அறுந்தால் எண்ணற்ற ஓம், முறுக்கினால் பூஜ்யம், இரண்டுமே தப்பு என்று பிடித்துவிடும்.

பாதிப் பேர் இதில் செய்வது: பெட்டியோடு வரும் ரெசிஸ்டரை டயலரின் டெர்மினலிலேயே திருகி வைத்துவிடுவது. வேலை சுலபம், அலாரமும் வேலை செய்யும். ஆனால் அங்கிருந்து சென்சார்வரை போகும் முப்பது அடி வயரில் என்ன நடந்தாலும் ரெசிஸ்டர் பெட்டிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். அது இருக்க வேண்டிய இடம் சென்சாரின் மூடிக்குள். பழைய அலாரத்தைச் சரிபார்க்கப் போகும் எவரும் முதலில் பெட்டியைத் திறந்து, டெர்மினல் வரிசையில் ரெசிஸ்டர்கள் தொங்குகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே உள்ள அலாரம் பேனலின் சைரன் வயரிலிருந்து டயலரைத் தூண்டலாமா?

தூண்டலாம், நடுவில் ஒரு 12 வோல்ட் ரிலே வைத்து. சைரனுக்குப் போகும் மின்சாரம் ரிலேயின் காயிலுக்குப் போகட்டும், ரிலேயின் காண்டாக்ட் டயலரின் உள்ளீட்டை மூடட்டும். நேரடியாக இணைத்தால் இரண்டு கருவிகளின் மின்னழுத்தமும் கிரவுண்டும் ஒத்துப்போகாமல் ஏதாவது ஒன்று புகையலாம். ரிலே காயிலின் குறுக்கே ஒரு டயோடு போட மறக்காதீர்கள். கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம்.

சில பேனல்கள் ஆர்ம் செய்யும்போது (அலாரத்தை விழிப்பு நிலையில் வைக்கும்போது) சைரனை ஒரு நொடி ‘கீச்’ என்று ஒலிக்கவைக்கும். அந்தக் கீச்சுக்கே டயலர் கிளம்பிவிடும். டயலரில் தூண்டல் தாமதத்தை 5 நொடி வைத்தால் தீரும். பேனலில் அலாரத்துக்கென்று தனி வெளியீடு இருந்தால் அதைப் பயன்படுத்துவது இன்னும் உத்தமம்.

எண்களை எந்த வரிசையில் பதிவது? கமா, இடைவெளி எல்லாம் எதற்கு?

பாசத்தின் வரிசையில் பதியாதீர்கள், தூரத்தின் வரிசையில் பதியுங்கள். பத்து நிமிடத்தில் அந்த இடத்துக்குப் போய் நிற்கக்கூடியவர் முதலில். சாவி வைத்திருப்பவர், வீட்டைத் தெரிந்தவர், இரவில் போனை எடுப்பவர் என்ற மூன்றும் ஒரே ஆளிடம் அமைந்தால் அவர்தான் உங்கள் முதல் எண். வெளிநாட்டில் இருக்கும் மகன் நாலாவதாகவே இருக்கட்டும். அவரால் செய்ய முடிந்தது முதல் மூன்று பேரை அழைப்பதுதான்.

அலுவலக எக்ஸ்சேஞ்ச் வழியாக வெளியே அழைப்பதாக இருந்தால் முதலில் 9 அல்லது 0 போட வேண்டியிருக்கும். அதன்பின் இரண்டு மூன்று நொடி இடைவெளி விடாமல் எண் போனால் முதல் சில இலக்கங்கள் தொலைந்துவிடும். அந்த இடைவெளிக்குத்தான் கமா அல்லது ‘பாஸ்’ விசை. சிம் டயலரில் இந்தத் தொல்லை இல்லை. கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்து முழு எண்ணாகப் பதிந்தால் போதும்.

காவல்துறை, தீயணைப்பு எண்களையும் போடலாமா?

வேண்டாம். பல இடங்களில் அவசர எண்ணுக்குப் பதிவுசெய்த குரலை அனுப்புவது சட்டப்படி தடை, அபராதமும் உண்டு. சட்டத்தை விடுங்கள், அங்கே போனை எடுப்பவர் ‘எந்த இடம், எத்தனை பேர், காயம் உண்டா’ என்று கேட்பார். டேப் பதில் சொல்லாது. அதுவும் பொய் அலாரமாக இருந்தால், உண்மையிலேயே அழைக்கும் ஒருவர் அந்த நேரத்தில் காத்திருப்பார். டயலர் உங்களை அழைக்கட்டும், நீங்கள் அவர்களை அழையுங்கள்.

செய்தியில் என்ன பேசிப் பதிவது?

பெரும்பாலான டயலர்களில் 10 முதல் 20 நொடிதான் கிடைக்கும். அதற்குள் நாலு தகவல் வர வேண்டும்: இது எந்திரம், எந்த இடம், என்ன ஆயிற்று, எதை அமுக்க வேண்டும். ஒரு மாதிரி:

‘இது அலாரம் டயலர். ரெண்டாவது தெரு, பச்சை கேட் வீடு. பின்கதவு திறக்கப்பட்டிருக்கிறது. உள்ளே போக வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். கேட்டுவிட்டீர்கள் என்றால் 5 அமுக்குங்கள்.’

முதல் வாக்கியத்தில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள். போனை எடுத்துக் காதில் வைப்பதற்குள் அது ஓடிவிடும், தூக்கக் கலக்கத்தில் எடுப்பவர் ‘ஹலோ, யாரு’ என்று வேறு பேசிக்கொண்டிருப்பார். ‘இது அலாரம் டயலர்’ என்ற சொற்கள் போனாலும் நஷ்டமில்லை. செய்தி மூன்று முறையாவது திரும்ப ஒலிக்கும்படி அமையுங்கள்.

மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவசரமில்லாமல் பேசுங்கள். பதற்றமான குரலில் பதிந்தால் அவசரம் புரியும் என்று சிலர் நினைக்கிறார்கள். தொலைபேசியில் கேட்கும்போது அவசரம் புரியும், முகவரி புரியாது. ஒவ்வொரு சென்சாருக்கும் தனிச் செய்தி வைக்க வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள்: தண்ணீர் தேங்கியதற்கும் கதவு உடைந்ததற்கும் ஓடிவருகிறவர் கையில் எடுக்க வேண்டிய சாமான் வேறு.

நான் போனை எடுத்தேனா, வாய்ஸ்மெயில் எடுத்ததா என்று டயலருக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. இந்தக் கருவியின் பெரிய பலவீனம் இதுதான். விலை குறைந்த மாடல்கள் டயல் செய்து முடித்து சில நொடிகள் கழித்து, யார் எடுத்தார்கள் என்று பார்க்காமலே பேசத் தொடங்கிவிடும். கொஞ்சம் மேலானவை எதிர்முனையில் குரல் கேட்கிறதா என்று காத்திருக்கும். வாய்ஸ்மெயிலும் குரல்தான், ‘தாங்கள் அழைத்த வாடிக்கையாளர்’ என்ற அறிவிப்பும் குரல்தான். டயலர் சந்தோஷமாக அதனிடம் ஒப்பித்துவிட்டு, கடமை முடிந்தது என்று அடங்கிவிடும்.

ஆகவே விசை உறுதிப்படுத்தும் வசதி இல்லாத டயலரை வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. போனை எடுத்தவர் குறிப்பிட்ட விசையை அமுக்கினால்தான் அழைப்பு வெற்றி. இல்லாவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போ, எண்கள் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. வாய்ஸ்மெயிலுக்கு 5 அமுக்கத் தெரியாது. பல மாடல்களில் இந்த வசதி இருந்தும் ஆரம்பத்தில் அணைத்தே வைத்திருப்பார்கள், தேடி இயக்க வேண்டும்.

பட்டியலில் உள்ள எல்லோரையும் உட்காரவைத்து, ஒரு முறை உண்மையாக அழைப்பு வரவழைத்து, அவரவர் கையால் விசையை அமுக்கச் சொல்லுங்கள். சொல்லிப் புரியவைப்பது போதாது. தொடுதிரையில் கீபேடை எங்கே தேடுவது என்பதே பலருக்கு அந்த நேரத்தில் தெரியாது.

இரவில் போன் சைலண்டில் இருக்குமே?

டயலரிலிருந்து அழைப்பு வரும் எண்ணை எல்லோருடைய போனிலும் ‘வீட்டு அலாரம்’ என்று பெயர் போட்டுச் சேமியுங்கள். அப்போதுதான் தெரியாத எண்களைத் தடுக்கும் செயலிகள் அதை விட்டுவைக்கும். ஐபோனில் அந்தத் தொடர்பின் ரிங்டோன் பகுதிக்குப் போய் எமர்ஜென்சி பைபாஸை இயக்கினால் சைலண்டிலும் மணி அடிக்கும். ஆண்ட்ராய்டில் தொடர்புக்கு ஸ்டார் போட்டு, டூ நாட் டிஸ்டர்ப் அமைப்பில் ஸ்டார் போட்டவர்களை அனுமதியுங்கள். ஆண்ட்ராய்டில் டூ நாட் டிஸ்டர்ப் வேறு, மணியின் ஒலியளவைப் பூஜ்யமாக்குவது வேறு. இரண்டாவதைச் செய்தால் ஸ்டார் காப்பாற்றாது.

இன்னொரு உபாயம்: முதல் நபரின் எண்ணையே முதலிடத்திலும் இரண்டாமிடத்திலும் பதிவது. ஒரே எண்ணிலிருந்து 3 நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வந்தால் ஐபோனின் டூ நாட் டிஸ்டர்ப் வழிவிடும். ஆண்ட்ராய்டில் அந்த இடைவெளி 15 நிமிடம். இரண்டிலும் திரும்ப அழைப்பவர்களை அனுமதிக்கும் அமைப்பு இயங்க வேண்டும், அவ்வளவுதான்.

சிம் டயலரில் அடிக்கடி வரும் கோளாறுகள் என்ன?

சிம்மின் பின் (PIN) எண் பூட்டு, முதலில். டயலருக்குள் போடுமுன் ஒரு செல்பேசியில் போட்டு அந்தப் பின் எண்ணை எடுத்துவிடுங்கள், அதே போனிலிருந்து ஒரு அழைப்பும் செய்து பாருங்கள். அடுத்தது ரீசார்ஜ். மாதக்கணக்கில் யாரையும் அழைக்காத சிம்மை நிறுவனம் துண்டித்துவிடலாம். பிளான் காலாவதி ஆகும் தேதியை உங்கள் போன் காலண்டரில் போட்டு வையுங்கள். டயலர் மாதம் ஒரு சோதனை அழைப்பு செய்தால் சிம்மும் உயிரோடு இருக்கும்.

சிக்னலை டயலர் 0 முதல் 31 வரை ஒரு எண்ணாகக் காட்டினால், 15க்கு மேல் நிம்மதி, 10க்குக் கீழே கவலை. 99 என்றால் ‘அளக்க முடியவில்லை’. இரும்புப் பெட்டிக்குள் டயலரை வைத்து ஆன்டெனாவையும் உள்ளேயே சுருட்டி வைத்திருந்தால் அதுதான் காரணம். ஆன்டெனாவை வெளியே எடுத்து, அசைவுச் சென்சாரிலிருந்தும் அதன் வயரிலிருந்தும் தள்ளி ஒட்டுங்கள். டயலர் சிக்னல் அனுப்பும்போது பக்கத்துச் சென்சார் தானே தூண்டப்படுவது உண்டு.

அழைக்கும் கணத்தில் டயலர் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். 2ஜி மாட்யூல் சிக்னல் அனுப்பும்போது 2 ஆம்பியர் வரை சட்டென்று இழுக்கும். ஏதோ பழைய அரை ஆம்பியர் அடாப்டர் அதற்குத் தாங்காது.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

கணக்குப் போட்டுவிடலாம். வழக்கமான 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியை எடுத்துக்கொள்வோம். பேனல், டயலர், சென்சார்கள் எல்லாம் சேர்ந்து அமைதி நேரத்தில் 150 மில்லியாம்பியர் எடுத்தால், 7ஐ 0.15ஆல் வகுக்க 46 மணி நேரம். காகிதத்தில். பேட்டரிக்கு வயதாகும், கடைசிச் சொட்டுவரை வடிக்கவும் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்தால் 30 மணி. தனி டயலர் 40 மில்லியாம்பியர்தான் எடுக்கிறது என்றால் பல நாட்கள் ஓடும்.

மூடிய லெட்-ஆசிட் பேட்டரிக்கு ஆயுள் 3 முதல் 5 வருடம். சார்ஜர் 13.5 முதல் 13.8 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வெறும் வோல்ட்டை அளந்து பேட்டரி நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.7 காட்டும். மெயின் சுவிட்சை அணைத்து, சைரனோடு ஒரு முழு அலாரம் ஓட்டும்போது எவ்வளவுக்கு இறங்குகிறது என்று பாருங்கள். 10.5ஐத் தொட்டால் அன்றே மாற்றுங்கள். வாங்கிய தேதியைப் பேட்டரி மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள்.

பொய் அலாரம் அடிக்கடி வருகிறது. என்ன செய்ய?

எந்த சென்சார், எந்த நேரம் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். வெயில் நேரத்தில் மட்டும் வந்தால் அசைவுச் சென்சார் ஜன்னலையோ திரைச்சீலையையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. காற்றடிக்கும்போது வந்தால் கதவின் காந்தம் தள்ளிப் போயிருக்கிறது. நேரமே பிடிபடாவிட்டால் டெர்மினலில் திருகு தளர்ந்திருக்கும், அல்லது சென்சார் மூடிக்குள் எறும்போ சிலந்தியோ குடியிருக்கும். மின்வெட்டுக்கு அழைப்பு வைத்திருப்பவர்கள் 10 அல்லது 15 நிமிடத் தாமதம் வையுங்கள். விளக்கு ஒருமுறை சிமிட்டியதற்கெல்லாம் அழைப்பு வந்தால், உண்மையில் மின்சாரம் போன நாளில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

பாஸ்வேர்டை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

ஆம், முதல் நாளே. 1234 என்றும் 0000 என்றும் வரும் பாஸ்வேர்ட் கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. பல சிம் டயலர்களை எஸ்எம்எஸ் அனுப்பி டிஸ்ஆர்ம் செய்யலாம் (அலாரத்தை அணைக்கலாம்), சிலவற்றில் அறையின் பேச்சை ஒட்டுக்கேட்கவும் வசதி உண்டு. பதிந்த எண்களிலிருந்து வரும் கட்டளைகளை மட்டும் ஏற்கும் அமைப்பையும் போட்டுவிடுங்கள், சிம் எண்ணை ஊரெல்லாம் சொல்லாதீர்கள்.

லைனையே வெட்டிவிட்டால்?

லைன் கண்காணிப்பு உள்ள டயலர் என்றால் 48 வோல்ட் காணாமல் போனதை உணர்ந்து உள்ளூர் சைரனை அடிக்கும், அல்லது சிம்முக்கு மாறும். அந்த வசதி இல்லாவிட்டால் கம்பியைக் குழாய்க்குள் மறைத்துக் கொண்டுவருவது மட்டும்தான் வழி. சிம் டயலரை ஜாமர் வைத்து முடக்குவதும் நடக்கக்கூடியதே. அதனால்தான் தினசரி ‘நான் இருக்கிறேன்’ எஸ்எம்எஸ் வசதியைச் சிபாரிசு செய்கிறேன்: ஒரு நாள் சேதி வரவில்லையென்றால் அதுவே சேதி.

எப்படிப் பரிசோதிப்பது? எத்தனை நாளுக்கு ஒருமுறை?

டெஸ்ட் பொத்தான் டயலரின் பாதியை மட்டும்தான் பரிசோதிக்கும். மாதம் ஒருமுறை நிஜமாகவே கதவைத் திறந்து, சென்சார் முன்னால் நடந்து, தண்ணீர் சென்சாரை ஈரத்துணியால் தொட்டுப் பாருங்கள். முதல் நபரை வேண்டுமென்றே போனை எடுக்காமல் இருக்கச் சொல்லி, அழைப்பு இரண்டாமவருக்குத் தாண்டுகிறதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதையே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். பட்டியலில் யாராவது எண் மாற்றினால், நீங்கள் சிம் மாற்றினால், இன்டர்நெட் நிறுவனம் மோடம் மாற்றினால், மாதம் பிறக்கக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே. மோடம் மாற்ற வந்தவர் டயலர் வயரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போவது அடிக்கடி நடப்பது.

டயல் செய்யும் சத்தம் கேட்கிறது, அழைப்பு போகவில்லை. ஏன்?

லேண்ட்லைன் என்றால் டயல் டோன் வருமுன்பே டயலர் முந்திக்கொள்கிறது. எண்ணுக்கு முன் ஒரு கமா சேருங்கள். சிம் என்றால் பாலன்ஸ், அல்லது நாட்டுக் குறியீட்டில் பிழை. இரண்டும் சரியென்றால் பதிந்த எண்ணை டயலரிலிருந்தே திரும்ப வாசித்துக் காட்டச் சொல்லிச் சரிபாருங்கள்.

நீண்ட நாள் வெளியூர் போகிறேன். ஏதாவது மாற்ற வேண்டுமா?

வரிசையை மாற்றுங்கள். உங்கள் எண்ணைக் கீழே இறக்கி, பக்கத்தில் இருப்பவரை மேலே ஏற்றுங்கள். விமானத்தில் இருக்கும் நேரத்தில் உங்கள் எண் முதலில் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நிமிடம் வீண். சிம்மின் காலாவதி நீங்கள் திரும்பும் தேதிக்குப் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்கு டிஸ்ஆர்ம் செய்யும் எண்ணையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உதவிக்கு வந்தவரே உள்ளே நுழைந்து அடுத்த அலாரத்தைக் கிளப்புவார்.